பூச்சியைக் கொல்லும் பூஞ்சாணம் + ரசாயன மருந்து: ஒரே டேங்கில் கலக்கலாமா?

ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்துவிட்டு, வார இறுதியில் சூளகிரி, பாகலூர், கெலமங்கலம் பக்கம் சொந்தத் தோட்டத்தைப் பார்க்கப் போகிறவர்கள் நிறையப் பேர். தோட்டத்தில் தக்காளியோ, ரோஜாவோ, முட்டைகோஸோ இருக்கும். போகிற வழியில் மருந்துக் கடையில் வண்டியை நிறுத்தினால், இரண்டு பொட்டலங்கள் கைக்கு வரும். ஒன்று வழக்கமான ரசாயன மருந்து. இன்னொன்று, 'இது இயற்கை மருந்து சார், ஒரு கெடுதலும் இல்லை' என்று சொல்லிக் கொடுக்கும் வெள்ளைப் பொடி. இரண்டு முறை அடிக்க நேரமும் இல்லை, ஆளும் இல்லை. 'ரெண்டையும் ஒரே டேங்கில் போட்டு அடிச்சிடலாமா?' என்ற கேள்வி இயல்பாகவே வரும்.

'கலக்கலாம்' என்று ஒரு கடைக்காரர் சொல்வார். 'கலக்கவே கூடாது' என்று இன்னொருவர் சொல்வார். இரண்டுமே பாதி உண்மை. சில ரசாயனங்கள் அந்தப் பொடியில் இருப்பதைக் கொன்றுவிடும். சில ரசாயனங்கள் அதற்குத் துணை நிற்கும். ஆனால், ஓசூர் வட்டாரத்தில் டேங்கைத் தாண்டியும் ஒரு விஷயத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது: பக்கத்துத் தோட்டத்தில் என்ன வளர்கிறது?

அந்தப் பொடிக்குள் என்ன இருக்கிறது?

அதில் இருப்பது பூஞ்சாணத்தின் வித்துகள். பூஞ்சாணங்களில் சில வகைகள் பூச்சிகளைத் தாக்கி நோய் உண்டாக்கும். கடைகளில் அதிகம் கிடைப்பவை மூன்று: பெவேரியா பேசியானா, மெட்டாரைசியம் அனிசோபிலியே, வெர்டிசிலியம் லெகானி. இவற்றைப் பொதுவாக 'உயிர் பூச்சிக்கொல்லி' என்கிறோம்.

இயற்கை என்பதால் இவை சட்டத்துக்கு வெளியே இல்லை. 1968-ம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ், மத்திய பதிவுக் குழுவில் பதிவு செய்த பிறகே விற்க வேண்டும். பெவேரியா, மெட்டாரைசியம் போன்றவற்றில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 10 கோடி உயிருள்ள வித்துகள் இருக்க வேண்டும் என்பது தர அளவு. பொட்டலத்தில் 'சிஎஃப்யு' என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் இருக்கும் எண் இதைத்தான் சொல்கிறது.

இங்கே பெயரிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. 'பூஞ்சாணக்கொல்லி' என்பது பூஞ்சாண நோயை அழிக்கும் ரசாயனம். 'பூஞ்சாண உயிர் மருந்து' என்பது பூச்சியை அழிக்கும் பூஞ்சாணம். காதில் கேட்க ஒன்றுபோல இருந்தாலும், வேலை நேர் எதிர். கடையில் இரண்டையுமே 'பூஞ்சாண மருந்து' என்று சொல்லிக் கேட்டால், தவறான பாக்கெட் கைக்கு வரலாம். அதைவிட மோசம், இரண்டையும் ஒன்றாக வாங்கி ஒன்றாகக் கலப்பது.

பூச்சி எப்படிச் சாகிறது?

ரசாயன மருந்து பெரும்பாலும் பூச்சியின் நரம்பையோ தசையையோ தாக்கும். சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாளில் பலன் தெரியும். பூஞ்சாணம் அப்படி இல்லை. வித்து பூச்சியின் தோலில் ஒட்ட வேண்டும், ஈரப்பதத்தில் முளைக்க வேண்டும், நொதிகளைச் சுரந்து தோலைத் துளைக்க வேண்டும். பிறகு உடலுக்குள் பரவி, சத்தை உறிஞ்சி, நச்சுகளை வெளியிட்டுப் பூச்சியைக் கொல்லும். இதற்குச் சுமார் 4 முதல் 10 நாட்கள் ஆகும். ஈரம் இருந்தால், செத்த பூச்சியின் மேல் பெவேரியா வெள்ளையாகவும் மெட்டாரைசியம் பச்சையாகவும் பூக்கும். அந்த வித்துகள் அடுத்த பூச்சிக்குப் பரவும்.

பூச்சி தின்று கடித்துத்தான் சாக வேண்டும் என்பதில்லை. தோலில் பட்டாலே போதும். அதனால்தான் சாறு உறிஞ்சும் அசுவினி, வெள்ளை ஈ, இலைப்பேன், மாவுப்பூச்சி ஆகியவற்றுக்கு இது பொருத்தம்.

பலவீனமும் இதே செயல்முறையில்தான் இருக்கிறது. முளைக்கும் முதல் இரவில் நல்ல ஈரப்பதம் வேண்டும். 20 முதல் 30 டிகிரி வெப்பநிலை இதமானது. நேரடி வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் சில மணி நேரத்தில் வித்துகளைச் செயலிழக்கச் செய்துவிடும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரின் மிதமான வானிலை, தமிழ்நாட்டின் சமவெளியைவிட இந்தப் பூஞ்சாணங்களுக்கு ஏற்றது. பசுமைக்குடில் என்றால் ஈரமும் நிழலும் இன்னும் சாதகம்.

பிறகு ரசாயனம் எதற்கு?

பூஞ்சாணம் மெதுவானது. அந்த ஒரு வாரத்தில் பூச்சி தின்னும், குட்டி போடும், வைரஸையும் பரப்பும். ரசாயனம் மட்டும் என்று போனால், ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்க, பூச்சி எதிர்ப்புச் சக்தி பெற்றுவிடும். மருந்தின் எச்சமும் விளைபொருளில் தங்கும். இரண்டையும் சேர்த்தால் இரண்டின் குறையையும் ஈடுகட்டலாமே என்ற யோசனை இப்படித்தான் வந்தது.

இது வெறும் யோசனை இல்லை. கரையானை எடுத்துக்கொள்வோம். கரையான்கள் ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்யும். உடலில் ஒட்டிய பூஞ்சாண வித்து, முளைப்பதற்கு முன்பே துடைக்கப்பட்டுவிடும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1996-ல் வெளியான ஓர் ஆய்வில், இமிடாகுளோபிரிட் என்ற ரசாயனத்தைச் சிறிய அளவில் கொடுத்தபோது, கரையான்கள் இந்தச் சுத்தம் செய்யும் பழக்கத்தை இழந்தன. பெவேரியா வித்துகள் உடலிலேயே தங்கி வேலையை முடித்தன. மறு ஆண்டு அதே மாநிலத்தில், எலுமிச்சை வகை மரங்களின் வேரைத் தின்னும் ஒரு கூன்வண்டின் இளம் புழுக்களிடமும் இப்படியே நடந்தது. கொல்லாத அளவு இமிடாகுளோபிரிட்டுடன் சேர்த்தபோது, பெவேரியாவும் மெட்டாரைசியமும் தனியாகக் கொன்றதைவிட அதிகப் புழுக்களைக் கொன்றன.

உருளைக்கிழங்கைத் தாக்கும் கொலராடோ வண்டில் 2001-ல் வெளியான ஆய்வு இன்னொரு காரணத்தைக் காட்டியது. மருந்து பட்ட புழு தின்பதை நிறுத்தியதால் பலவீனமடைந்தது, பூஞ்சாணம் எளிதில் வென்றது. ரசாயனமே இல்லாமல் புழுவை ஒரு நாள் பட்டினி போட்டாலும் அதே போன்ற விளைவு கிடைத்தது! பூச்சி தோல் உரிப்பது தாமதமானாலும் பூஞ்சாணத்துக்கு லாபம்தான். ஏனென்றால், தோல் உரியும்போது அதில் ஒட்டிய வித்துகளும் போய்விடும்.

இதில் ஓர் எச்சரிக்கை. 'கொல்லாத அளவு' என்பது ஆய்வகத்தில் ஒரு குறிப்பிட்ட பூச்சிக்கு அளந்து கண்ட அளவு. அதை வைத்து நாமே பாதி டோஸ் அடிக்க ஆரம்பித்தால், தப்பிப் பிழைக்கும் பூச்சிகளிடம் எதிர்ப்புச் சக்திதான் வளரும். இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சாம் வகை மருந்துகள் தேனீக்களுக்கும் ஆபத்து. ஐரோப்பிய ஒன்றியம் 2018-லேயே இவற்றைத் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை விதித்தது.

எதனுடன் சேராது?

முதல் எதிரி பூஞ்சாணக்கொல்லி. மேன்கோசெப், கார்பென்டசிம், ஹெக்சகோனசோல், டெபுகோனசோல் போன்றவை பூஞ்சாணத்தை அழிப்பதற்காகவே செய்யப்பட்டவை. செடிக்கு நோய் தரும் பூஞ்சாணம், நமக்கு உதவும் பூஞ்சாணம் என்று அவற்றுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஒரே டேங்கில் கலந்தால், காசு கொடுத்து வாங்கிய வித்துகளை நாமே கொன்றுவிட்டு வெறும் பொடியை அடித்த மாதிரி.

ஓசூர் ரோஜாவின் சிக்கலே இதுதான். தமிழ்நாட்டின் கொய்மலர் உற்பத்தியில் இந்த வட்டாரத்துக்குத் தனி இடம் உண்டு. டிட்கோ பங்களிப்பில் உருவான டான்ஃப்ளோரா மலர்ப் பூங்கா அமுதகொண்டப்பள்ளியில் இருக்கிறது. இந்திய-இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தில் கொய்மலர்களுக்கான மகத்துவ மையம் தளியில் இருக்கிறது. ரோஜாவுக்கு ஒரு பக்கம் இலைப்பேன், சிலந்திப்பேன். இன்னொரு பக்கம் சாம்பல் நோய், அடிச்சாம்பல் நோய். நோய்க்காக அடிக்கடி பூஞ்சாணக்கொல்லி அடிக்கும் குடிலில், பூச்சிக்காகப் பெவேரியா அடித்தால் அது எப்போது பிழைக்கும்?

பூச்சிக்கொல்லிகளிலும் வேறுபாடு உண்டு. குளோர்பைரிபாஸ், புரபெனோபாஸ், குயினால்பாஸ் போன்ற பழைய பாஸ்பரஸ் வகை மருந்துகள் பெவேரியாவின் வளர்ச்சியைக் கடுமையாகக் குறைப்பதாகப் பல ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சாம், குளோரன்ட்ரானிலிபுரோல், ஸ்பைனோசாட் ஆகியவை பெரும்பாலும் குறைவான பாதிப்பையே காட்டுகின்றன.

மூலப்பொருள் மட்டுமல்ல, அது எதில் கரைக்கப்பட்டிருக்கிறது என்பதும் முக்கியம். தண்ணீரில் ஊற்றியதும் பால்போல வெளுக்கும் 'இசி' வகை மருந்துகளில் உள்ள கரைப்பான்கள் வித்துகளைக் கெடுக்கக்கூடும். அதனால் ஒரே ரசாயனம் ஒரு கம்பெனி பாட்டிலில் ஒத்துப்போகும், இன்னொரு பாட்டிலில் ஒத்துப்போகாமலும் இருக்கலாம்.

'வாளியில் கலக்கிப் பார்த்தேன், நல்லாத்தான் இருந்துச்சு'

பல விவசாயிகள் செய்யும் சோதனை இது. இரண்டு மருந்தையும் ஒரு வாளித் தண்ணீரில் கலந்து, திரிகிறதா, கட்டி தட்டுகிறதா என்று பார்ப்பது. நல்ல பழக்கம்தான். ஸ்ப்ரேயர் நாசில் அடைக்குமா என்பதை இது சொல்லும். ஆனால், வித்து உயிரோடு இருக்கிறதா என்பதைச் சொல்லாது. செத்த வித்தும் உயிருள்ள வித்தும் தண்ணீரில் ஒரே மாதிரிதான் இருக்கும்.

ஆய்வகத்தில், பூஞ்சாணம் வளரும் ஊடகத்தில் ரசாயனத்தை வயலில் அடிக்கும் அளவு, அதில் பாதி, அதைப் போல இருமடங்கு என்று வெவ்வேறு அளவில் கலப்பார்கள். வித்து எவ்வளவு முளைக்கிறது, பூஞ்சாணம் எவ்வளவு தூரம் பரவுகிறது, புது வித்து எவ்வளவு உருவாகிறது என்று அளப்பார்கள். தட்டில் பூஞ்சாணம் நாள் முழுக்க ரசாயனத்திலேயே கிடக்கும். வயலில் அப்படி இல்லை. எனவே தட்டில் பாதுகாப்பாகத் தெரிந்த மருந்தை ஓரளவு நம்பலாம். தட்டில் மோசமாகத் தெரிந்ததை ஒரே டேங்கில் கலக்கும் ரிஸ்க் எடுக்காமல் இருப்பது நல்லது.

கலக்காமலே சேர்க்க முடியுமா?

முடியும். நடைமுறையில் அதுதான் பாதுகாப்பான வழி. இரண்டு விதமாகப் பிரிக்கலாம்.

ஒன்று, காலத்தால் பிரிப்பது. மக்காச்சோளத்தைத் தாக்கும் படைப்புழு நல்ல உதாரணம். 2018 மே மாதம் கர்நாடகத்தில் கண்டறியப்பட்ட இந்தப் புழு, அதே ஆண்டில் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. 2019-ல் மத்திய வேளாண் அமைச்சகம் தந்த பரிந்துரை படிப்படியானது. பயிர் இளசாக, சேதம் 5 சதவீத அளவில் இருக்கும்போது, விதைத்த 15 முதல் 25 நாளில் மெட்டாரைசியம் பொடியை லிட்டருக்கு 5 கிராம் வீதம் குருத்தில் தெளிக்கலாம். தேவைப்பட்டால் 10 நாள் இடைவெளியில் இன்னும் ஒன்றிரண்டு முறை அடிக்கலாம். சேதம் 10 முதல் 20 சதவீதம் என்று ஏறினால்தான் ஸ்பைனிடோரம், குளோரன்ட்ரானிலிபுரோல் போன்ற ரசாயனங்கள். அதாவது முதலில் உயிர், கைமீறினால் ரசாயனம். ஒரே டேங்க் என்ற பேச்சே இல்லை. பூஞ்சாணக்கொல்லி அடிக்க வேண்டியிருந்தால், உயிர் மருந்துக்கும் அதற்கும் பொதுவாக ஒரு வாரமாவது இடைவெளி விடுவது நல்லது.

இரண்டாவது, இடத்தால் பிரிப்பது. இலைப்பேன் செடியின் மேல் தின்றாலும், பல வகைகள் கூட்டுப்புழுப் பருவத்தை மண்ணில்தான் கழிக்கும். மெட்டாரைசியம் மண்ணில் நன்றாக வாழும். இலைக்குப் பூஞ்சாணக்கொல்லி, மண்ணுக்கு மெட்டாரைசியம் என்று பிரித்தால் இரண்டும் நேருக்கு நேர் மோதுவது குறையும். வேர்ப் பகுதியில் ஊற்றும் பூஞ்சாணக்கொல்லியை மட்டும் அந்த நேரத்தில் தவிர்க்க வேண்டும். தென்னையில் காண்டாமிருக வண்டுக்கு எருக்குழியில் மெட்டாரைசியம் இடுவதும் இதே கணக்குதான். புழு எங்கே வளர்கிறதோ அங்கேயே பூஞ்சாணம் காத்திருக்கும்.

ஓசூரில் மட்டும் ஏன் கூடுதல் கவனம்?

இங்கே பட்டு இருக்கிறது. தமிழ்நாட்டில் மல்பெரி வளர்த்துப் பட்டுக்கூடு எடுக்கும் முக்கிய மாவட்டங்களில் ஒன்று கிருஷ்ணகிரி. தமிழ்நாடு பட்டு வளர்ச்சிப் பயிற்சி நிலையமும், மத்திய பட்டு வாரியத்தின் மரபுவள மையமும் ஓசூரில்தான் இருக்கின்றன. தக்காளித் தோட்டத்துக்கு அடுத்த வரப்பில் மல்பெரி நிற்பது இந்தப் பக்கம் சாதாரணக் காட்சி.

பெவேரியா பேசியானா என்ற பெயரே பட்டுப்புழுவிலிருந்து வந்ததுதான். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இத்தாலியின் பட்டுப் பண்ணைகளில் புழுக்கள் செத்து, சுண்ணாம்புக் கட்டி போல விறைத்து வெளுத்துப் போயின. அகோஸ்டினோ பாஸி என்பவர் பல ஆண்டுகள் ஆராய்ந்து, இதற்குக் காரணம் ஒரு பூஞ்சாணம் என்று 1835-ல் வெளியிட்டார். ஒரு நுண்ணுயிர்தான் ஒரு விலங்கின் நோய்க்குக் காரணம் என்று நிரூபித்த முதல் ஆய்வுகளில் ஒன்று அது. அவர் பெயரால்தான் அந்தப் பூஞ்சாணம் 'பேசியானா' ஆனது. இன்றும் பட்டு விவசாயிகள் மழை, குளிர் மாதங்களில் அஞ்சும் வெள்ளை மஸ்கார்டின் நோய் இதுவே. மெட்டாரைசியமும் பட்டுப்புழுவுக்கு நோய் தரக்கூடியதுதான்.

டேங்கின் இன்னொரு பாதியும் பட்டுப்புழுவுக்கு நல்லதல்ல. குளோரன்ட்ரானிலிபுரோல், புழு இனங்களைக் கொல்வதற்கென்றே உருவான மருந்து. பட்டுப்புழுவும் புழுதானே! மல்பெரி இலையில் மிகச் சிறிய அளவு படிந்தாலும் போதும். ஆக, ஆய்வகத்தில் 'நன்றாக ஒத்துப்போகிறது' என்று பாராட்டு வாங்கிய அதே ஜோடி, காற்றில் வரப்பைத் தாண்டினால் பக்கத்து வீட்டுக்கு இரட்டை அடி.

முட்டை பொரிந்ததிலிருந்து கூடு கட்டுவது வரை ஏறத்தாழ 25 நாள் உழைப்பு. புழு தின்னும் மொத்த இலையில் 80 சதவீதத்துக்கு மேல் கடைசியான ஐந்தாம் பருவத்தில்தான் போகும். செலவெல்லாம் செய்து முடித்த அந்தக் கடைசி நாட்களில் புழு விழுந்தால், கூடும் இல்லை, இலையும் இல்லை, அந்த மாதத்து வருமானமும் இல்லை. அது பக்கத்துத் தோட்டத்து ஸ்ப்ரேயிலிருந்து வந்ததா என்பதை நிரூபிப்பதும் கடினம்.

சரி, அப்போ என்னதான் செய்வது?

அடிப்பதற்கு முன் இந்த வரிசையில் யோசித்தால் போதும்:

1. பக்கத்தில் மல்பெரியோ புழு வளர்ப்பு மனையோ இருக்கிறதா? இருந்தால் பெவேரியாவைத் தவிர்ப்பது நல்லது. அந்த வட்டாரப் பட்டு வளர்ச்சித் துறை அலுவலரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். எந்த மருந்து அடித்தாலும் காற்றின் திசை பாருங்கள். 'அண்ணா, நாளைக்குச் சாயங்காலம் மருந்து அடிக்கிறேன்' என்று முன்கூட்டியே ஒரு போன் போடுங்கள். இலையை முதலிலேயே பறித்து வைக்க அவருக்கு அவகாசம் கிடைக்கும்.

2. கையில் இருக்கும் ரசாயனம் பூஞ்சாணக்கொல்லியா? அப்படியென்றால் அதை உயிர் மருந்துடன் கலக்க வேண்டாம். முந்தைய நாள் பூஞ்சாணக்கொல்லி அடித்த ஸ்ப்ரேயராக இருந்தால், நன்றாகக் கழுவாமல் உயிர் மருந்தை ஊற்ற வேண்டாம்.

3. லேபிளில் கலப்பதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது? ஒன்றும் எழுதவில்லை என்றால் அதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளாமல், தனித்தனியாக இடைவெளி விட்டு அடியுங்கள். நிபுணர் பரிந்துரையுடன் கலப்பதாக இருந்தாலும், கலந்ததை உடனே அடித்து முடியுங்கள். இரவு முழுக்க டேங்கில் வைக்கக் கூடாது.

4. பொட்டலத்தில் பதிவு எண், சிஎஃப்யு, காலாவதி தேதி மூன்றும் இருக்கிறதா? உயிருள்ள பொருள் என்பதால், வெயில் படும் கடை அலமாரியிலும் பைக் பெட்டியிலும் அது செத்துப்போகும். நிழலில், குளிர்ச்சியான இடத்தில் வைத்திருக்கும் கடையில் வாங்குங்கள்.

5. அடிக்கும் நேரம் மாலை. இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும். மறுநாளே பூச்சி சாகவில்லை என்று பதறி, இரண்டாம் நாள் ரசாயனத்தை எடுக்க வேண்டாம். உயிர் மருந்து என்று வாங்கியது அடித்த சில மணி நேரத்திலேயே பூச்சிகளைக் கொத்துக் கொத்தாக விழவைத்தால், மகிழ்ச்சி அடைவதைவிடச் சந்தேகப்படுவது நல்லது. பூஞ்சாணம் அவ்வளவு வேகமாகக் கொல்லாது. அந்தப் பாக்கெட்டில் ரசாயனம் கலந்திருக்கலாம்.

சந்தேகம் வந்தால் கேட்க ஆட்கள் அருகிலேயே இருக்கிறார்கள். பையூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம், பெங்களூரு ஹெப்பாளில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம் இந்தப் பூஞ்சாணங்களின் இந்திய வகைகளைச் சேகரித்து ஆராய்கிறது. கிசான் கால் சென்டரின் 1800-180-1551 எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

ஊரில் இருக்கும் அப்பா அடுத்த முறை 'ரெண்டையும் ஒண்ணா அடிச்சிடவா?' என்று போனில் கேட்டால், உடனே சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லாதீர்கள். இரண்டு பாக்கெட்டையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கூடவே, 'பக்கத்துத் தோட்டத்துல இப்ப புழு எத்தனாவது பருவத்துல இருக்கு?' என்றும் கேளுங்கள். பதில் ஐந்தாம் பருவம் என்றால், ஸ்ப்ரேயர் அந்த வாரம் சும்மா இருக்கலாமா என்று இருவரும் சேர்ந்து யோசியுங்கள்.